எக்ஸ்இ-3 மாதிரியில் வெள்ளைப் பொடி பூக்கிறது, உதவி தேவை

சிங்கப்பூரில் இருக்கிறேன். போர்க்காலக் குட்டி நீர்மூழ்கிகளின் மாதிரிகளைச் சேர்க்கிறேன். அதில் பிரிட்டனின் எக்ஸ்இ-3, 1/72 அளவு. உடல் ரெசின், சுழலி, பெரிஸ்கோப், மேலே நிற்கும் முக்குளிப்பாளர் உருவம் எல்லாம் ஈயம் கலந்த பழைய வார்ப்பு. 1945 ஜூலை 31 அன்று ஜொகூர் நீரிணையில் ஜப்பானின் தக்காவோ போர்க்கப்பலுக்கு அடியில் வெடிகளைப் பொருத்திய மெஜென்னிஸ்தான் அந்த உருவம். இங்கே பக்கத்துக் கடலில் நடந்தது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த மாதிரி இது.

போன வருட இறுதி மழைக்காலத்தில் புதிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அலமாரிக்கு மாற்றினேன். அதன்பிறகு உலோகப் பாகங்களில் மட்டும் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெள்ளைப் பொடி வருகிறது. உருவத்தின் கால்கள்தான் மோசம், சொரசொரப்பாகிவிட்டன. ரெசினுக்கு ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக்கில் செய்த ஜெர்மன் குட்டி நீர்மூழ்கி சீஹுண்டும் அதே தட்டில் அப்படியே இருக்கிறது.

கையுறை, முகக்கவசம் போட்டு ஈரத் துணியால் துடைத்தேன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவினேன், பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன். கொஞ்ச நாளில் பிரைமருக்கு அடியிலிருந்தே திரும்ப வந்துவிட்டது. சிலிக்கா ஜெல் பைகளும் வைத்துப் பார்த்தேன். அலமாரியின் எம்டிஎஃப் பலகையிலிருந்து வரும் அமில ஆவிதான் காரணம் என்று தோன்றியதால் இப்போது கண்ணாடிப் பெட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். பரவுவது குறைந்தது, நிற்கவில்லை.

ரெசின் உடலிலிருந்து பெயர்த்தெடுக்காமலே இந்த ஈயப் பாகங்களில் அரிப்பை முழுதாக நிறுத்த, நீங்களே செய்து பலன் கண்ட முறை எது?