மறு: ‘ஓவர்ஸ்விங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> நின்டெண்டோவின் வீ ஸ்போர்ட்ஸ் என்ற வீடியோ கேமில் உள்ள குழிப்பந்தாட்டத்துக்கு (கோல்ஃப்) ஒரு கையேடு எழுதுகிறேன். கையை அளவுக்கு மேல் வேகமாக வீசினால் திரையில் விசைப்பட்டை சிவந்து, பந்து கோணிக்கொண்டு போகிறதே, அந்த ஓவர்ஸ்விங்குக்கு ‘மிகைவீச்சு’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

நண்பரே,

சொல்லாக்கத்தில் குறை இல்லை. ஆனால் படிக்கிற ஆட்டக்காரர் இதை வைத்துத் தப்பாகத் திருத்திக்கொள்வாரே என்பதுதான் என் தயக்கம். மிகைவீச்சு என்றதும், கையை ரொம்பத் தூரம் பின்னால் கொண்டுபோய்விட்டோம் போலிருக்கிறது என்று நினைப்பார். அடுத்த முறை பாதி தூரம் மட்டும் ஓங்கி, வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டுவார். பட்டை முன்பைவிட மோசமாகச் சிவக்கும்.

2006-இல் வந்த, கையில் பிடித்து வீசும் அந்த வீ ரிமோட்டுக்குள் இருப்பது முடுக்கமானி (வேக மாற்றத்தை அளப்பது). கை எவ்வளவு தூரம் போய்வந்தது என்பது அதற்கு நேரடியாகத் தெரியாது. எத்தனை சடாரென்று அசைந்தது என்பதுதான் தெரியும். (சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப், 2009-இல் வந்த மோஷன்பிளஸ் இணைப்போடுதான் சேர்ந்தது.) மணிக்கட்டை மட்டும் சுண்டினாலே எல்லை தாண்டிவிடும். தோளிலிருந்து நிதானமாக, பெரிய வளைவாக வீசினால் தாண்டாமலும் போகும்.

அதனால் ‘விசைமீறல்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ‘விசையாக நடந்தான்’ என்கிறோமே, அந்த விசை. வினையாக்கவும் எளிது: விசை மீறியது, விசை மீறாமல் அடி.

அப்புறம், ‘ஸ்கோரை உயர்த்துவது எப்படி’ என்ற உங்கள் தலைப்பையும் மாற்றிவிடுங்கள். எண் குறையக் குறையத்தான் இந்த ஆட்டத்தில் பெருமை. பார் (குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கை) நாலு உள்ள குழியை மூன்றே அடியில், அதாவது ஒன்று குறைவாக, முடித்தால்தான் பேர்டி. ‘அடிகளைக் குறைப்பது எப்படி’ போதும்.

----------

> ‘விசைமீறல்’ என்று வைக்கலாம்

எனக்கு உடன்பாடில்லை. விசைப்பலகையில் விசை என்றால் பொத்தான். இந்த ஆட்டத்திலோ ஏ பொத்தானைப் பிடித்துக்கொண்டு வீசினால்தான் நிஜ அடியே விழும். ‘விசை மீறியது’ என்று படிப்பவர், பொத்தானை ரொம்ப அழுத்திவிட்டோமோ என்று கட்டைவிரலைப் பார்ப்பார்.

‘எகிறல்’ எப்படி? ஆடும்போது ‘பட்டை எகிறிடுச்சு’ என்றுதானே கத்துகிறோம்!

----------

எகிறல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்ஜ் என்ற மட்டையை எடுத்து அடித்தால் பந்து மேலே எகிறும். அது நாம் வேண்டுமென்றே செய்வது. தவறும் தேவையும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடும்.

பொத்தானைப் பொத்தான் என்றே எழுதினால் விசைக் குழப்பம் தீர்ந்தது. பத்தியில் வைத்துப் பார்ப்போம்:

“ஏ பொத்தானைத் தொடாமல் வீசினால் அது ஒத்திகை, அடிக்கணக்கில் சேராது. அப்போது பட்டை எந்தக் குறி வரை ஏறுகிறது என்று பாருங்கள். பட்டையில் உள்ள குறிகளும் வரைபடத்தில் உள்ள புள்ளிகளும் ஒன்றுக்கொன்று ஈடானவை. குழியைக் காட்டும் கொடி மூன்றாம் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால், மூன்றாம் குறி வரை ஏறும்படி ஒத்திகை பார்த்துக்கொண்டு, அதே வீச்சைப் பொத்தானோடு போடுங்கள். காற்று எதிரே வந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். அதற்காக உச்சியைத் தொட ஆசைப்பட்டு விசை மீறினால், கிடைத்த தூரமும் கோணலில் போய்விடும்.”

படிக்கத் தடுக்கவில்லை அல்லவா?

ஒன்று மட்டும் கவனம். குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிடும் மட்டையான புட்டரால் தட்டும்போது பந்து குழியைத் தாண்டி உருண்டு போகிறதே, அதை விசைமீறல் என்று எழுத வேண்டாம். அங்கே தேவைக்கு மேல் விசை கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். பட்டையின் எல்லையைக் கடந்தால் மட்டுமே விசைமீறல். சொல்லப்போனால் பலருக்கு அடிகள் கரைவது இந்தப் புட்டிங்கில்தான். கையேட்டில் அதற்கு இன்னும் இடம் கொடுங்கள்.

----------

சரி, பொத்தானைப் பிரித்துவிட்டீர்கள் என்பதால் விசைமீறலுக்கு என் ஓட்டும். ஸ்லைஸ், ஹூக் (பந்து எதிரெதிர்ப் பக்கங்களுக்கு வளைந்து போகும் இரு வகை) இரண்டுக்கும் தனி இழை தொடங்கலாம். வலவளைவு, இடவளைவு என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்: வலக்கை ஆட்டக்காரருக்கு ஸ்லைஸ் வலப்பக்கம் வளையும், இடக்கைக்காரருக்கு இடப்பக்கம்.