ஏப்ரலில் வந்த சுற்றறிக்கையும் மே மாதத்து அலைச்சலும்

வில்லிவாக்கம், பத்தாம் வகுப்பு முடித்த மகளின் தாய்

ஆண்டு இறுதித் தேர்வு முடிவதற்கு ஓரிரு நாட்கள் முன்னதாக, பிள்ளைகளின் பையில் நான்காக மடிக்கப்பட்ட ஒரு சுற்றறிக்கை வீடு வந்து சேரும். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர வேண்டும், ஆதார் நகல் ஒன்று தர வேண்டும், பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைக் கணினியில் வைத்திருக்கும் எமிஸ் பதிவில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் பெற்றோர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். 2024 ஏப்ரலில், என் மகள் ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் நேரத்தில் வந்த அந்தத் தாளை, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ஒரு கையில் கரண்டியை வைத்துக்கொண்டு மறு கையால் கையெழுத்திட்டுக் கொடுத்தவள் நான். அதனால் நேர்ந்ததை இங்கே பகிர்கிறேன். மற்றவர்களும் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் செல்லும் பிள்ளைகளின் வீடுகளுக்கு உதவியாக இருக்கும்.

என் மகளின் பெயரின் பின்பாதி 'விழி' என்று முடியும். எமிஸ் பதிவில் அது 'விளி' என்று இருந்திருக்கிறது. மறு ஆண்டு பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் அந்தப் பதிவிலிருந்துதான் தயாராயிற்று. அதிலும் பெற்றோர் கையெழுத்துக் கேட்டார்கள், அதிலும் நான் பார்க்காமலே கையெழுத்திட்டேன். மார்ச் மாதம் ஹால் டிக்கெட் வந்தபோது அவள் பிழையைக் கவனித்திருக்கிறாள், ஆனால் தேர்வு நேரத்தில் வீட்டில் சத்தம் வேண்டாம் என்று சொல்லாமல் விட்டுவிட்டாள். 2025 மே 16 அன்று முடிவு வந்து, தற்காலிக மதிப்பெண் பட்டியலை இறக்கிப் பார்த்தபோதுதான் என் கண்ணில் பட்டது. விளி என்றால் அழைத்தல், இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமை என்று அவளுடைய தமிழாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறப்புச் சான்றிதழ் நகல், பெயர்ப்பட்டியலின் நகல், தலைமை ஆசிரியர் வழியாக ஒரு விண்ணப்பம், நடுவில் எங்களுக்குள் ஒரு விவாதம் என்று அந்தக் கோடை முழுவதும் ஒற்றை எழுத்தின் பின்னால் போயிற்று. ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு ஆதாரில் ஒரு விதமாகவும் பள்ளியில் ஒரு விதமாகவும் இருந்ததால், எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்பதே முதலில் விளங்கவில்லை. பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளி எழுத்தர் சொன்ன பிறகுதான் ஒரு வழி பிறந்தது.

பெரம்பூர், ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தந்தை

சகோதரி சொன்னதாவது எழுத்துப் பிழை. எங்கள் வீட்டில் பிழையே இல்லாமல் ஒரு நெருக்கடி வந்தது. என் மகன் 2015இல் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்தவன். பத்து ஆண்டுகள் கல்விக் கட்டணம் என்ற பேச்சே இல்லாமல் ஓடியதால், அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். 2025 மார்ச் இறுதியில் வந்த சுற்றறிக்கையின் கடைசி வரியில், ஒன்பதாம் வகுப்பில் தொடர விரும்பும் மாணவர்கள் முதல் தவணைக் கட்டணத்தை ஏப்ரலுக்குள் செலுத்த வேண்டும் என்று இருந்தது. பள்ளியைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

தொகை எங்கள் சக்திக்கு மீறியதாக இருந்ததால் அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது, நோட்டுப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் பாக்கி இருக்கிறது, அதைச் செலுத்தினால்தான் தருவோம் என்றார்கள். கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருப்பதை, கையில் எந்தத் தாளும் இல்லாமல், குரலை உயர்த்தாமல் எடுத்துச் சொன்னேன். மறுநாள் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. பழைய பள்ளி எமிஸ் தளத்தில் மாணவனை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி அவனைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியும். அதை அவர்கள் செய்ய மறந்திருந்தார்கள், அல்லது தள்ளிப் போட்டிருந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, எமிஸில் விடுவித்துவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், புதிய பள்ளியில் அவனுக்குக் கால்பந்து மைதானம் கிடைத்திருக்கிறது. பழைய பள்ளியில் இருந்தது கார் நிறுத்துமிடம்.

மயிலாப்பூர், ஓய்வு பெற்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியை

இருவர் சொன்னதையும் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்புக்கு நாற்பது, ஐம்பது தாள்களைக் கொடுத்து, அவை திரும்பி வரும் வரையில் தினமும் காலை வழிபாட்டுக்குப் பிறகு நினைவூட்டி, கடைசியில் கையெழுத்தை மட்டும் சேகரித்துக்கொள்ளும் நிலைக்கு ஆசிரியர்கள் வந்துவிடுகிறார்கள். பெற்றோர் படித்தார்களா என்று பார்க்க எங்களுக்கு நேரமும் இருப்பதில்லை, வழியும் இருப்பதில்லை. நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்றோரே தம் கைப்பட ஒருமுறை எழுதித் தர வேண்டும் என்பேன். அச்சிட்டதைப் படிக்கும்போது கண் தானாகவே திருத்திப் படித்துவிடும், கையால் எழுதும்போது பிழை தட்டுப்படும். முதலெழுத்தையும் மறக்காதீர்கள். தந்தையின் முதலெழுத்து மட்டுமா, தாயின் முதலெழுத்தும் சேர்ந்தா, தமிழிலா ஆங்கிலத்திலா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் பள்ளிக்கு வாருங்கள். தலைமை ஆசிரியர் அறையில் கணவனும் மனைவியும் முதலெழுத்துக்காக வாதாடியதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

பிறந்த தேதியில் பிழை இருந்தால் அதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பத்தாம் வகுப்பைக் கடந்த பிறகு பெயரைத் திருத்துவதைக் காட்டிலும் அது பல மடங்கு கடினம்.

இன்னொன்றும் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண்கள். செய்முறைத் தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்பே நடந்துவிடுவதால், ஊருக்குப் போயிருந்தோம், காய்ச்சல் என்று அதற்கு வராமல் விட்ட பிள்ளைகள், மற்ற நான்கு பாடங்களில் நல்ல மதிப்பெண் பெற்றும் தேர்ச்சி இல்லை என்ற நிலையில் என் முன்னால் நின்றிருக்கிறார்கள். தேர்ச்சி பெறாதவர்களுக்கு அதே கோடையில் துணைத் தேர்வு நடக்கிறது, ஆண்டு வீணாவதில்லை. முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். மனம் கலங்கிய பிள்ளைகளுக்கு 104 என்ற எண்ணில் ஆலோசனை சொல்கிறார்கள், பள்ளிக்கல்வி தொடர்பான ஐயங்களுக்கு 14417 இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைவாகத் தோன்றினால், முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அதைப் பார்த்த பிறகே மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ செல்ல முடியும். விண்ணப்பிக்கக் கிடைப்பவை சில நாட்களே. அந்தச் சமயத்தில் திருப்பதிக்கோ கொடைக்கானலுக்கோ சென்றுவிட்டுத் திரும்பி வந்து கேட்பவர்களுக்குப் பள்ளி எதுவும் செய்ய இயலாது.

வியாசர்பாடி, கல்லூரி மாணவியின் தந்தை

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். எழுதுவது என் மகள், சொல்வது நான்.

அவள் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியிலும், அதன் பிறகு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் படித்தவள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுவது எங்களுக்குத் தெரியும், மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிதான் என்பதும் தெரியும். தெரியாதது என்னவென்றால், ஏழு ஆண்டுகளில் ஓர் ஆண்டின் விவரம் பதிவில் விடுபட்டிருந்தாலும் நாம்தான் ஓடித் திருத்த வேண்டும் என்பது. 2025 மே 8 அன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. அதே வாரத்தில் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது ஏழாம் வகுப்பு விவரத்தைக் காணோம். அந்த நடுநிலைப் பள்ளிக்குப் போனால் வாயிலில் பூட்டு, உள்ளே வேப்பமரத்தடியில் காவலர் மட்டும். தலைமை ஆசிரியை விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருந்தார். நல்ல மனிதர், தொலைபேசியில் பேசியதும், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி வந்து, பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துப் பயின்றதற்கான சான்றில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். எட்டாம் வகுப்பு முடித்து வெளியே வரும்போதே அதை வாங்கி வைத்திருக்கலாம். அப்போது யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில்தான் விண்ணப்பித்தோம். வருமானச் சான்றிதழை முன்பு ஒரு முறை வாங்கியிருந்தோம், ஆனால் அது ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் மறுபடியும் வாங்க வேண்டியதாயிற்று. மே மாதத்தில் அந்த மையத்தின் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலோடு நிற்கிறார்கள். பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே போயிருந்தால் அந்த வரிசையில் பத்துப் பேர் கூட இருந்திருக்க மாட்டார்கள் என்று அங்கே கணினி முன் இருந்த பெண் சொன்னாள். இப்போது மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அதற்கும் அரசுப் பள்ளியில் படித்த அதே விவரம்தான் ஆதாரம். பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று 2024 ஆகஸ்டில் தொடங்கிவிட்டார்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அதில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதைக் கல்லூரி திறப்பதற்குள் பார்த்துவிடுங்கள்.

ஆதம்பாக்கம், பத்தாம் வகுப்பு மாணவனின் தாய்

என் மகனுக்குக் கற்றலில் குறைபாடு இருக்கிறது. எழுத்துகள் அவன் கண்ணில் இடம் மாறும். வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்லிவிடுவான். பொதுத்தேர்வில் அவனைப் போன்ற பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும் என்பதை எங்களுக்குச் சொன்னவர் அவனுடைய ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. ஆண்டு இறுதியில் அவர் அனுப்பிய குறிப்பில், இந்தக் கோடையிலேயே மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், பத்தாம் வகுப்பில் தொடங்கினால் தாமதமாகிவிடும் என்று எழுதியிருந்தார். மருத்துவப் பரிசோதனை ஒரே நாளில் முடிவதில்லை. உளவியலாளர் ஒரு நாள் பார்த்தார், மருத்துவர் வேறொரு நாள் பார்த்தார், நடுவில் ஒரு நாள் அவன் வரமாட்டேன் என்று அழுதான். ஜூலை மாதத்துக்குள் சான்றிதழ் பள்ளியில் சேர்ந்துவிட்டதால் அனுமதிக்கான விண்ணப்பம் நேரத்துக்குச் சென்றது. எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில், பிள்ளைக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று பயந்து சான்றிதழ் வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது, அதே பயத்தோடு நானும் ஓராண்டைக் கழித்தவள்தான்.

குரோம்பேட்டை, எட்டாம் வகுப்பு மாணவியின் தாத்தா

சுருக்கமாக ஒன்று. பள்ளி திறக்கும் தேதியை நம்பி ஊரிலிருந்து திரும்பும் ரயில் பயணச்சீட்டை எடுக்காதீர்கள். 2023இல் வெயிலால் இரண்டு முறை தள்ளி வைத்து, ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12 அன்றுதான் திறந்தார்கள். 2024இலும் ஜூன் 10 ஆயிற்று. புதிய பேருந்து அட்டை வரும் வரையில் சீருடையோடு சென்றால் மாநகரப் பேருந்தில் அனுமதிக்கிறார்கள். பேத்தி முதல் நாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய், நடத்துநரிடம் பாதி வழி வரை விளக்கம் சொல்லிக்கொண்டு போனாள்.

வில்லிவாக்கம், முதலில் எழுதிய தாய்

ஆசிரியை அம்மா சொன்ன வழியைச் செய்து பார்த்தேன். என் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பை முடிக்கிறான். நேற்று வந்த சுற்றறிக்கையோடு அவனுடைய பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொண்டு, பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் என் கையால் எழுதினேன். பெயரில் பிழை இல்லை. பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்தன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை ஆசிரியரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன்.