உக்ரைனின் கார்கிவ் நகர முன்னாள் மேயர் கெர்னெஸை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

2009 பேட்ச்:
நேற்று, கார்கிவில் என்னைப் போலவே மருத்துவம் படித்த ஒரு ஜூனியர் போனில் கேட்டான், "அண்ணா, நீங்க படிச்சப்ப மேயர் சக்கர நாற்காலியில இருந்தாராமே?" நான் போய்ச் சேர்ந்தபோது நன்றாக நடந்துகொண்டிருந்த மனுஷன்டா என்றேன். போனை வைத்த பிறகும் அந்த ஊர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

ஹென்னாடி கெர்னெஸ். ஊர்க்காரர்கள் வாயில் அவர் 'கெபா'. நாங்கள் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது மேயர் டோப்கின், இவர் நகர கவுன்சிலின் செயலாளர். ஆனால் சாலையில் குழி விழுந்தாலும் கெபாவைத்தான் திட்டுவார்கள். 2010 அக்டோபர் தேர்தலில் அர்சென் அவாகோவை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிர்த்தரப்பு அந்த முடிவை ஏற்கவே இல்லை. அதே அவாகோவ் 2014 இல் நாட்டின் உள்துறை அமைச்சரானார் என்பது தனிக் கதை.

நான் பார்த்தது 2012 கோடையில், கோர்க்கி பூங்காவில். யூரோ கோப்பைக்கு வந்த ஹாலந்து ரசிகர்களால் ஊரே ஆரஞ்சு நிறமாக இருந்த சமயம். பூங்காவைப் புதுப்பித்து அப்போதுதான் திறந்திருந்தார்கள். 55 மீட்டர் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கிறோம். பக்கத்துப் பூப்பாத்தியருகே ஒருவர் குனிந்து எதையோ சுட்டிக்காட்ட, சுற்றி நின்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். முன்னால் நின்ற அம்மாள்தான் "கெபா" என்று முணுமுணுத்தார். குரலில் பாதி வெறுப்பு, பாதி பெருமை. நம்ம ஊரில் சில கவுன்சிலர்களைப் பற்றிப் பேசும்போது வருமே, அதே குரல்.

மதுரைக்காரி:
எனக்கு அவர் அறிமுகமானது ரஷ்ய மொழி வகுப்பில்தான். டோப்கின் தேர்தல் விளம்பரத்துக்காக கேமரா முன் உட்கார்ந்து திணறுவார், கெர்னெஸ் பக்கத்திலிருந்து வாட்டி எடுப்பார். 2007 வாக்கில் வெளியே கசிந்த அந்த வீடியோவைப் பார்க்காத ஆளே அந்த நாட்டில் இல்லை. "மீஷா, உன் முகம் சலிப்பா இருக்கு, யாரும் உனக்குக் காசு தரமாட்டாங்க" என்ற வரி (மீஷா என்பது டோப்கினின் செல்லப் பெயர்) பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஹாஸ்டலில் யாராவது கடன் கேட்டாலே இதைத்தான் சொல்வோம்.

மற்ற வரிகளுக்கு அகராதியில் அர்த்தம் கிடைக்காமல், வெள்ளந்தியாக டீச்சரிடமே போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இலக்கணத்துக்கு வருவோம்" என்றார்.

எலும்பு டாக்டர்:
2014 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. நாங்கள் ஐந்தாம் ஆண்டு. ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மாத ஆரம்பத்தில்தான் ரஷ்ய ஆதரவாளர்கள் பிராந்திய நிர்வாகக் கட்டடத்தைப் பிடித்து, சிறப்புப் படை வந்து மீட்டிருந்தது. வெளியே போகாதே என்று வீட்டிலிருந்து தினம் நாலு போன். அன்று மதியம் செய்தி பரவியது: உடற்பயிற்சிக்குப் போன இடத்தில் கெர்னெஸை யாரோ முதுகில் சுட்டுவிட்டார்கள்.

மறுநாள் சர்ஜரி பேராசிரியர் அன்றைய பாடத்தைத் தொடவே இல்லை. போர்டில் முதுகெலும்பை வரைந்து, குண்டு இந்த உயரத்தில் நுழைந்தால் எது எது அடிபடும், எது தப்பும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மணி அடித்ததும் போர்டை அவரே துடைத்துவிட்டுப் போனார். நான் ஆர்த்தோ எடுத்ததற்கு அந்த வகுப்புக்கும் பங்கு உண்டு.

உள்ளூரில் அறுவை சிகிச்சை, அப்புறம் விமானத்தில் இஸ்ரேலின் ஹைஃபா. ஜூனில் திரும்பி வந்தார், சக்கர நாற்காலியில். சுட்டது யார் என்று இன்றுவரை வெளிவரவில்லை.

2013 பேட்ச்:
அந்த நாற்காலியோடு பார்த்தவன் நான். டிசம்பர் 2016, சுதந்திரச் சதுக்கத்தில் புத்தாண்டு மரத்துக்கு விளக்கேற்றும் நாள். மூக்கு உறையும் குளிர். கூட்டத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு கையசைப்பும்தான். அதற்குள் என் போன் குளிரில் அணைந்துவிட்டது, போட்டோ இல்லை.

ஆனால் ரொம்ப உருக வேண்டாம். என் உக்ரைன் நண்பன் அவர் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவான். மைதான் போராட்டக்காரர்களை, அதாவது 2013-14 அரசு எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர்களை, கடத்தியதாக இவர் மீது போல்டாவா நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2018 இல் தண்டனை ஏதுமின்றி முடிந்தது. 2014 செப்டம்பரில் சதுக்கத்து லெனின் சிலையைக் கூட்டம் கவிழ்த்தபோது, திரும்ப நிறுத்துவேன் என்றவர் இவர். சோவியத் தளபதி ஷூகோவின் பெயரை ஒரு அவென்யூவிலிருந்து எடுத்தால், இவருடைய கவுன்சில் 2019 இல் மறுபடி அதையே வைத்தது. போரில் ரஷ்யர்களிடம் அண்ணனை இழந்தவனுக்கு அதெல்லாம் வெறும் பெயர்ப் பலகை இல்லை.

மதுரைக்காரி:
@2013 சரிதான். ஆனால் 2015 இல் முதல் சுற்றிலேயே 65 சதவீதம் அள்ளினாரே! என் வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். "ஃபவுண்டன்ல தண்ணி வருது, டிராம் ஓடுது, வேற யாரு இருக்கா?" என்றார்.

ஆறாம் ஆண்டு பாக்கி:
நான் 2018 பேட்ச். ஒருமுறையும் நேரில் பார்த்ததில்லை. 2020 செப்டம்பரில் கொரோனாவோடு பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனைக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அக்டோபர் தேர்தலில் பிரசாரத்துக்கு வராமலேயே சுமார் 60 சதவீதம் வாங்கி ஜெயித்தார். டிசம்பர் 17 அன்று இறந்தார், 61 வயது. எங்களுக்கு ஆன்லைன் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கீழே இருந்த தெரெகோவ்தான் அப்புறம் மேயர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரி 24 முதல் ஆறு ராத்திரி மெட்ரோ ஸ்டேஷனில் கிடந்தோம். மார்ச் 1 அன்று சுதந்திரச் சதுக்கத்தில் ஏவுகணை விழுந்தது, கர்நாடக மாணவர் ஒருவர் இறந்த செய்தியும் அன்றுதான் வந்தது. அந்த ராத்திரி எங்கள் பக்கத்தில் இரண்டு பாட்டிகள். ஒருவர், "கெபா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றார். மற்றவர் சட்டென்று, "இருந்திருந்தா எந்தப் பக்கம் நின்னிருப்பான்னு உனக்குத் தெரியுமா?" என்றார். முதல் பாட்டி பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வைத்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அந்தப் பாட்டியிடம் நீட்டினார். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

அடுத்த நாள் தூதரகம் சொன்னபடி ஊருக்கு வெளியே இருக்கும் பிசோச்சினுக்கு நடந்தே கிளம்பினோம்.

2009 பேட்ச்:
எந்த ஸ்டேஷன் தம்பி?

ஆறாம் ஆண்டு பாக்கி:
23 ஆகஸ்ட், அண்ணா. டிக்கெட் கவுன்டர் பக்கத்துப் படி.

2009 பேட்ச்:
அந்தப் படியில்தான் நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு உட்காருவோம்.