சுவான்சோத் துறைமுகமும் தமிழ் வணிகரும்: எழுச்சிக்கும் தளர்ச்சிக்கும் காரணம் என்ன?

கேள்வி: கல்முனை ஆசிரியை

உயர்தர வகுப்பில் புவியியல் கற்பிக்கின்றேன். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலுள்ள சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு என்று சொன்னதும், நம்மவர் ஏன் அவ்வளவு தூரம் போனார்கள், அத்துறைமுகம் பிறகு ஏன் தளர்ந்தது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

மறுமொழி: வாவிக்கரை வாசகன், மட்டக்களப்பு

ஆசிரியை அவர்களுக்கு, தேசப்படத்திலிருந்தே தொடங்கலாம். ஃபூஜியனின் பெரும்பகுதி மலை என்பதால் வயல் நிலம் குறைவு, தரைவழிப் பயணமும் கடினம். ஆகவே ஜின் ஆறு தைவான் நீரிணையைச் சேரும் முகத்துவாரத்தை அண்டி வாழ்ந்தவர்கள் கடலையே நம்பினார்கள். வாடைக்காற்றில் தெற்கே புறப்பட்ட கப்பல்கள், தென்மேற்குக் காற்று எழுந்ததும் ஊர் திரும்பின. 1087இல், அப்போது சீனாவை ஆண்ட சொங் அரசு அங்கே கடல்வணிக அலுவலகம் அமைத்தது. 1974இல் கரைச்சேற்றிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட சொங் காலக் கப்பலில் வாசனைக் கட்டைகளும் மிளகும் இருந்தன. ஓரிடத்தில் நீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காதிருக்க, அதன் உட்பகுதியை 13 அறைகளாகத் தடுத்திருந்தார்கள்.

1059இல் முடிந்த லுவோயாங் பாலத்தையும் சொல்லுங்கள். மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலம் போல ஆறும் கடலும் சேருமிடத்தில் நிற்கும் அதன் அத்திவாரக் கற்களில் சிப்பிகளை வளரவிட்டு, அவை ஒட்டிப் பரவும் இயல்பாலேயே கற்களை இறுகப் பிணைத்தார்கள்.

மறுமொழி: சம்மாந்துறைக் கல்வெட்டு ஆர்வலர்

"நம்மவர்" என்பதில் சற்று நிதானம் வேண்டும்; அங்கே சென்றவர்கள் பெரும்பாலும் தமிழகக் கரையோர வணிகர்கள். சம்பந்தப் பெருமாள் என்பவர், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலிய ஆட்சியாளரின் உடல்நலன் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்ததை அக்கல்வெட்டு கூறுகிறது. அதன் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. கோயில் இன்றில்லை, ஆனால் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்ட அதன் தூண்களை, கையுவான் பௌத்த விகாரையின் பின்புறத்தில் இன்றும் காணலாம். எதிர்த்திசையில் வந்த சான்று நம் இலங்கையிலேயே உண்டு: சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் 1409இல் பொறிக்கப்பட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் காலி நகரில் கிடைத்தது.

மறுமொழி: காத்தான்குடி வாசகர்

அந்த செங் ஹே ஒரு முஸ்லிம். 1417இல் கடற்பயணத்துக்கு முன் சுவான்சோவின் லிங்ஷான் ஸியாரத்தை (முஸ்லிம் பெரியார்களின் அடக்கத்தலத்தை) அவர் தரிசித்ததாக அங்குள்ள கல் கூறுகிறது. 1009இல் தொடங்கப்பட்ட பள்ளிவாசலின் கல் நுழைவாயிலும் எஞ்சியிருக்கிறது.

அத்துறைமுகத்தின் தளர்ச்சிக்குக் காரணம், அங்கே படிந்த வண்டல் மட்டுமன்று. 1357 முதல் 1366 வரை நீடித்த கிளர்ச்சியில் அந்நிய வணிகர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் வெளியேறினார்கள். அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல்வணிகத்தைத் தடைசெய்தது. பின்னாளில் வணிகம் அதே மாகாணத்தின் ஷியாமென் துறைமுகத்துக்கு நகர்ந்தது. ஆயினும் மக்கள் கடலைக் கைவிடவில்லை. பிலிப்பைன்ஸ், மலேசியா, சிங்கப்பூர் எனக் குடியேறி, ஊருக்குக் கடிதத்தோடு பணமும் அனுப்பினார்கள். அக்கடிதங்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கூத்து பார்த்து வளர்ந்த மாணவர்களுக்கு, நான்யின் என்னும் அந்நகர இசையையும் நூல் பொம்மலாட்டத்தையும் காணொளியில் காட்டலாம்.