இரண்டு கோணம் உள்ள நடன டிவிடியை மெனுவோடு காப்பி எடுக்க எந்த மென்பொருள் நல்லது?

சலங்கை:
எங்கள் டீச்சர் பல வருடங்களுக்கு முன் அடவு (பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவு) பாடங்களை ஸ்டூடியோவில் படம்பிடித்து, மாணவிகளுக்கென்று சில டிவிடிகள் போட்டுக் கொடுத்தார். மெனுவில் தட்டடவு, நாட்டடவு என்று தேர்ந்தெடுத்தால் நேராக அந்தப் பாடத்துக்குப் போகும். ரிமோட்டில் ஆங்கிள் பட்டனை அழுத்தினால் முழு உருவம் போய்ப் பாதம் மட்டும் தெரியும். ஆடியோவும் இரண்டு: ஒன்றில் டீச்சரின் விளக்கம், இன்னொன்றில் தட்டுக்கழி ஓசையும் சொல்லுக்கட்டும் மட்டும். டீச்சரே காப்பி எடுக்கச் சொல்லிவிட்டார். இலவச கன்வெர்ட்டர் ஒன்றில் எம்பி4 ஆக்கிப் பார்த்தேன். மெனு போய்விட்டது. படமும் முழு உருவம், பாதம், முழு உருவம், பாதம் என்று தாவிக்கொண்டே இருக்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

குமிழ்:
ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைப் போடுங்கள். இலவசம், ஃபைலும் சின்னதாகும். சாப்டர், இரண்டு ஆடியோ எல்லாம் வரும்.

பழைய தட்டு:
டிஸ்க்கில் கோளாறு இல்லை. இரண்டு கோணப் படங்களையும் டிவிடியில் தனித்தனியாக வைப்பதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும். எந்தத் துண்டைக் காட்டுவது, எதைத் தாண்டுவது என்பதைப் பிளேயர்தான் பார்த்துக்கொள்ளும். உங்கள் கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டிவிட்டது, அதனால்தான் தாவுகிறது.

ஹேண்ட்பிரேக்கில் கோணத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். படத்தைத் திரும்ப என்கோடும் செய்யும், அதாவது புதிதாகச் சுருக்கி எழுதும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் என்கோடு செய்யாது, தரம் அப்படியே இருக்கும். ஆனால் எம்கேவி ஃபைலில் டிவிடி மெனு கிடையாது. இந்த டிஸ்க்கின் உயிரே மெனுவும் ஆங்கிள் பட்டனும்தான். இரண்டையும் விட்டுவிட்டு எடுப்பதைக் காப்பி என்றே நான் சொல்லமாட்டேன்.

ஆகவே முதலில் முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓவாக, அதாவது டிஸ்க்கை அப்படியே நகலெடுத்த ஒரே ஃபைலாக, எடுங்கள். ஸ்டூடியோவில் எரித்த (பதிவு செய்த) டிஸ்க்கில் காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருக்காது என்பதால், விண்டோஸில் இம்க்பர்ன் என்ற பழைய மென்பொருள் போதும். அதில் டிஸ்க்கிலிருந்து இமேஜ் உருவாக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கில் பதிவு அடுக்கு ஒன்று (ஒற்றை லேயர்) என்றால் 4.7 ஜிபிக்குள், இரட்டை லேயர் என்றால் 8.5 ஜிபிக்குள் அடங்கும். படமும் ஒலியும் உள்ள விஓபி ஃபைல்களை மட்டும் இழுத்துப் போட்டு வைக்காதீர்கள். மெனுவும் கோணமும் எங்கே இருக்கின்றன என்ற கணக்கு பெரும்பாலும் ஐஎஃப்ஓ ஃபைல்களில் இருக்கிறது.

சலங்கை:
இம்க்பர்ன் இரண்டு டிஸ்க்கைப் படித்துவிட்டது, நன்றி! விஎல்சி பிளேயரில் திறந்தால் மெனு வருகிறது. மூன்றாவது டிஸ்க்கில் கீறல் விழுந்திருக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. இன்னொரு தோழியிடமும் அதே டிஸ்க் இருக்கிறது, அதிலும் கீறல். அப்புறம், சின்னப் பிள்ளைகள் போனில்தான் பார்ப்பார்கள்.

பழைய தட்டு:
கீறலுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடாமல் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிடும். விட்ட இடங்களை ஒரு மேப் ஃபைலில் குறித்துவைக்கும். பிறகு தோழியின் டிஸ்க்கைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே மேப் ஃபைலைக் கொடுங்கள். விடுபட்டதை மட்டும் அதிலிருந்து எடுத்து நிரப்பும். இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து (மூலப் பதிவிலிருந்து) எரித்தவையாக இருக்கவேண்டும், அது முக்கியம். இரண்டு டிஸ்க்கின் மொத்த அளவும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். டிரைவை மாற்றியும் முயலுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடும்.

போனுக்குத்தான் குமிழ் சொன்ன ஹேண்ட்பிரேக் சரி. ஐஎஸ்ஓவைக் கொடுத்து, பாடத்துக்கு இரண்டு எம்பி4 போடுங்கள்: கோணம் ஒன்று, கோணம் இரண்டு. ஃபைல் பெயரிலேயே ‘நாட்டடவு பாதம்’ என்று எழுதிவிடுங்கள். பெரிய திரையில் மெனுவோடு பார்க்க, லேப்டாப்பை டிவியில் இணைத்து விஎல்சியில் ஐஎஸ்ஓவைத் திறந்தால் போதும்.

ஐஎஸ்ஓவை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று டீச்சர் வீட்டில் இருக்கட்டும்.