இன வரம்பால் அம்மாவின் வீட்டை விற்க முடியவில்லை, என்ன வழி?

ஈசூன்_மகள்:
அப்பா காலமான பிறகு அம்மா சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தனியாக இருக்கிறார். நாங்கள் இந்தியர்கள். உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஈரறை ஃபிளெக்சி என்ற சிறிய வீவக வீடு கிடைத்திருக்கிறது. சாவி வாங்கிய 6 மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றாக வேண்டும்.

சென்ற மாதம் கைக்குழந்தையோடு ஓர் இளம் சீனத் தம்பதி பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் அளவு நாடாவால் சமையலறைச் சுவரை அளந்து, குளிர்பதனப் பெட்டி எங்கே நிற்கும் என்பது வரை முடிவு செய்துவிட்டார். அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மைலோ கலக்கிக் கொடுத்தார். விலையும் படிந்தது. ஆனால் முதல் தேதி முகவர் வீவக இணையத்தளத்தில் பார்த்தபோது, எங்கள் புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு, அதாவது அந்த இனத்தார் இவ்வளவு பேர்தான் இருக்கலாம் என்ற உச்ச அளவு, நிரம்பியிருந்தது. அதோடு பேச்சு முறிந்தது.

இனி மலாய்க்காரரோ இந்தியரோ வந்தால்தான் உண்டு. வந்த இருவரும் நிலவரம் தெரிந்து 40,000 வெள்ளி குறைத்துக் கேட்கிறார்கள். மேல்மாடிச் சீனக் குடும்பமோ அதே அளவு வீட்டைச் சீனருக்கும் விற்கலாம், அதனால் புளோக்கில் சீனர் விகிதம் கூடாதாம். ஒரே புளோக், ஒரே மின்தூக்கி; நட்டம் மட்டும் எங்களுக்கா? வயிறு எரிகிறது.

பழைய_முகவர்:
தங்கச்சி, அவசரப்பட்டுக் குறைந்த விலைக்குத் தலையாட்டாதீர்கள். வரம்பு நிரம்பியதா இல்லையா என்பது மாதத்துக்கு மாதம் மாறும்; ஒரு வீடு கைமாறினாலே இடம் திறக்கலாம். கலப்பின மணம் செய்த தம்பதியர் இருவரில் ஒருவரின் இனத்தைத் தேர்ந்து வாங்க முடியும், அவர்களையும் விட்டுவிடாதீர்கள். 2024 மே முதல் வீவக தளத்திலேயே விற்பனை விளம்பரம் போடலாம். காலக்கெடு நெருங்கினால் நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள்.

தோபாயோ_தாத்தா:
அம்மாடி, உன் வருத்தம் நியாயம். ஆனாலும் இந்தக் கொள்கை ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். 1964 இனக் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். 1989இல் தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது இதைக் கொண்டுவந்தார்கள். சில பேட்டைகளில் ஒரே இனத்தார் சேர்ந்துகொண்டே போனார்கள். ஈசூனில் நம்மவர்களும் அப்படித்தான். அதனால்தான் ஒரு புளோக்கில் அதிக அளவாகச் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 என்று வரம்பு. நம்முடையது 2010 வரை 13தான். என் பேரன் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியிடம் வளர்ந்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

ஈசூன்_மகள்:
தாத்தா, நானும் அப்படித்தான் வளர்ந்தேன், கொள்கையை எடுத்துவிடச் சொல்லவில்லை. எல்லா இனத்தாரும் சேர்ந்து வாழ்வதால் நாடு முழுவதும் பயன் பெறுகிறது. அப்படியிருக்க, அதற்கான விலையை விற்க வரும் சிறுபான்மைக் குடும்பம் மட்டும் கொடுப்பது சரியா? வாங்குபவர் கூட்டம் சிறியது என்பதால் விலை இறங்குகிறது. அந்த வித்தியாசத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். அம்மா அந்தப் பணத்தை நம்பித்தான் மருந்துச் செலவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்.

பழைய_முகவர்:
அதற்குக் கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் 2021இல் இது விவாதமானது. 2022 மார்ச்சில், இன வரம்பால் வீட்டை விற்க முடியாமல் தவிப்பவர்கள் தகுதி பெற்றால் வீவகவே வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். சந்தையில் உண்மையாகவே முயன்றதற்குச் சான்று வேண்டும். விளம்பரம் போட்ட தேதி, பார்க்க வந்தவர்கள், கேட்ட விலை எல்லாவற்றையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஈசூன்_மகள்:
மிக்க நன்றி அண்ணா. அப்படி வீவகவிடம் விற்றவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? கிடைத்த விலை சந்தை விலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று சொன்னால், அடுத்த வாரம் கிளை அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துப் போகும்போது உதவும்.