லேப்வியூ கற்க 18,000 ரூபாய் தேவையா?

ஈரோட்டுக்காரன்:
இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்து நாலு மாதம் ஆகிறது. டெஸ்டிங் வேலைக்கு எங்கே போனாலும் "லேப்வியூ தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கருவிகளை இயக்கி அளவெடுக்க, வரி வரியாக எழுதாமல் படமாக வரைந்தே நிரல் செய்யும் மென்பொருள் அது. ஒரு பயிற்சி மையத்தில் 15 நாளுக்கு 18,000 ரூபாய் சொன்னார்கள். அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. செலவு குறைந்த வழி ஏதாவது உண்டா?

மல்டிமீட்டர் மணி:
தம்பி, காசை எடுத்து உள்ளே வை. 2020 முதல் லேப்வியூ கம்யூனிட்டி எடிஷன் இலவசம். வீட்டில் சொந்தமாகக் கற்கத் தடையில்லை. சம்பாதிக்கும் வேலைக்கும் கல்லூரிப் பாடத்துக்கும்தான் கூடாது. கூடவே, ஆர்டுயினோ மாதிரிச் சின்ன போர்டுகளை லேப்வியூவோடு இணைக்கும் லின்க்ஸ் டூல்கிட் இருக்கும். ஒரு ஆர்டுயினோ ஊனோ, ஒரு எல்எம்35 வெப்பநிலை சென்சார் வாங்கி ஆரம்பி.

பழைய பெஞ்ச்:
மணி சொல்வது பாதிதான் சரி. நான் இன்டர்வியூ எடுப்பவன். பையன்கள் ஃப்ரன்ட் பேனலில், அதாவது திரையில் தெரியும் முகப்பில், மீட்டர், பட்டன் எல்லாம் அழகாக வைத்திருப்பார்கள். பின்னால் நிரலை வரையும் பிளாக் டயகிராமைத் திறந்தால் வயரெல்லாம் இடியாப்பம்! லேப்வியூவில் எது முதலில் ஓடும் என்பதை வயர்தான் முடிவு செய்கிறது. தேவையான டேட்டா வந்து சேர்ந்தால்தான் ஒரு நோடு (ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) ஓடும். இவர்களோ வயர் இல்லாமலே மதிப்பை எழுதிப் படிக்கும் லோக்கல் வேரியபிளை அள்ளித் தெளிக்கிறார்கள். எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் வயர் இல்லாததால் ஒரு தடவை சரியாக வரும், அடுத்த தடவை பழைய மதிப்பு வரும். லூப்பின் ஒரு சுற்றில் வந்த மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஏன் போடவில்லை என்று கேட்டால் முழிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து திட்ட ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் பணம்.

மல்டிமீட்டர் மணி:
அண்ணே, அந்தப் பையன்கள் எங்கே படித்தார்கள் என்று கேட்டீர்களா? நானும் ஒரு காலத்தில் பணம் கட்டிப் போனவன்தான். 20 பேருக்கு ஒரே ஒரு டாக் கார்டு (சென்சார் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கார்டு), அதுவும் சார் மேசையில். நாங்கள் பார்த்தோம், தொடவில்லை.

பழைய பெஞ்ச்:
அது மோசமான மையம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊனோ டாக் கார்டுக்கு ஈடாகுமா? வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் அதன் ஏடிசி 10 பிட். 5 வோல்ட்டை 1024 பங்காக்கினால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். அரை டிகிரிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு நிரல் ஓடுவது கம்ப்யூட்டரில்; யுஎஸ்பியைப் பிடுங்கினால் கதை முடிந்தது. வேலையில் கேட்பது டாக் கார்டை இயக்கும் டாக்-எம்எக்ஸ் டிரைவர்: எந்த வேகத்தில் அளவெடுப்பது என்று சொல்லும் சாம்பிள் கிளாக், எப்போது தொடங்குவது என்று சொல்லும் டிரிக்கர்.

மல்டிமீட்டர் மணி:
அதற்கும் காசு வேண்டாம். டாக்-எம்எக்ஸ் டிரைவரை இறக்கி, கார்டுகளை அமைக்கும் மேக்ஸ் மென்பொருளில் சிமுலேட்டட் டிவைஸ் (பொய்க் கார்டு) ஒன்றை உருவாக்கினால் போதும். கார்டே இல்லாமல் அனலாக் இன்புட்டில் சைன் அலை வரும். நிஜக் கார்டுக்கு எழுதும் அதே நிரல்தான்.

பைத்தான் பித்தன்:
1986-இல் மேக்கின்டாஷுக்கு வந்த சரக்குக்கு இவ்வளவு சண்டையா? அதைச் செய்த நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியையே 2023-இல் எமர்சன் வாங்கியாகிவிட்டது. பைத்தான் படி தம்பி, லைசென்ஸ் தலைவலியே கிடையாது.

பழைய பெஞ்ச்:
பைத்தானும் படிக்கட்டும். ஆனால் பத்து வருடமாக லேப்வியூவில் ஓடும் டெஸ்ட் ரிக்கை (சோதனை அமைப்பை) எந்த முதலாளி பைத்தானில் திரும்ப எழுதச் சொல்வார்? அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் தேடுகிறார்கள். மணி, அந்த சிமுலேட்டட் டிவைஸ் விஷயம் நல்ல யோசனை. நிஜ வயரில் வரும் இரைச்சலை மட்டும் அது கற்றுத் தராது.

ஈரோட்டுக்காரன்:
நேற்று ராத்திரியே இறக்கிவிட்டேன். நிறுத்தும்வரை சுற்றும் வைல் லூப்பை முதலில் போட்டபோது, சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி தரும் வெயிட் போட மறந்து, லேப்டாப் ஃபேன் அலறியதில் அம்மா எழுந்து வந்துவிட்டார். இப்போது சைன் அலை ஓடுகிறது. ஒரு ஸ்டேட் மெஷின் (நிலை நிலையாக மாறி ஓடும் நிரல்) செய்து, அதன் பிளாக் டயகிராம் படத்தை இங்கே போடட்டுமா? பெஞ்ச் அண்ணா, திட்டுவீர்களா?

பழைய பெஞ்ச்:
போடு, இலவசமாகவே திட்டுகிறேன். லோக்கல் வேரியபிள் ஒன்று கண்ணில் பட்டாலும் மீதியைப் பார்க்க மாட்டேன்.